முதல் தோய்ப்பு

"முன்பக்கம் இருக்குது. பின்பக்கம் எங்கை?"

தவராசா ரீசேர்ட்டை மேசையில் எறிந்தார். நிலானி எடுத்து விரித்துப் பார்த்தாள். முன்னால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் மயில் பளிச்சென்று நின்றது. பின்னால் எழுத்து இருந்த இடத்தில் வெளிறின கறை ஒன்றுதான் மிச்சம்.

"முதல் தோய்ப்பிலையே போயிட்டுது அண்ணை," என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்! எங்கட வீடு இருக்கிற மாசியிலயிருந்து உங்கட பாபகூரா மட்டும் மோட்டர்வேயில நிண்டு நிண்டு வந்து அதைத்தானே சொல்லுறன்!"

நிலானி ரீசேர்ட்டில் படமும் எழுத்தும் அடிக்கத் தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. கராஜில் கார் நின்ற இடத்தில் இப்போது ஸ்க்ரீன், மை, ஹீட் பிரஸ். கார் வெளியே மழையில் நனைகிறது. வீடியோ பார்த்துப் பழகின தொழில். பழகும்போது பிழையாகிப்போன ரீசேர்ட்டுகளை எறிய மனமில்லாமல் கணவன் சஞ்சீவன்தான் போடுகிறான். கண்ணாடிக்கு முன்னால் நின்றால் மட்டும் வாசிக்கக்கூடிய ரீசேர்ட்டோடு மங்கரேயில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான்.

இதுதான் முதல் பெரிய ஓடர். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மயில். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து வாடகைக்கே அல்லாடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தவராசாவின் உபயம். அதனால் அந்தப் பிள்ளைகளின் முதுகில் மட்டும், தோளிலிருந்து தோள்வரை, 'அன்பளிப்பு: தவராசா குடும்பத்தினர்'.

பிள்ளைகள் ஒத்திகைக்குப் போட்டார்கள். தாய்மார் தோய்த்துக் காயப்போட்டார்கள். போட்டியன்று முதுகில் ஒருவருமில்லை.

"படம் எடுக்கவெண்டு அந்தப் பிள்ளையளை முதுகைக் காட்டி வரிசையா நிக்க வைச்சனான்," என்றார் தவராசா. "கமெராக்காரப் பொடியன் கேக்கிறான், அங்கிள், இவை எப்ப திரும்புவினம் எண்டு. அத்தனை சனத்துக்கு முன்னால என்ர மானம் கப்பலேறிப் போச்சுது!"

கூட வந்திருந்த அவர் மனைவி குணவதி அதுவரை பொறுத்திருந்ததே பெரிய காரியம்.

"தொழில் தெரியாட்டி ஏன் பிள்ளை ஓடர் எடுக்கிறாய்? ஊர்ப்பட்ட வேலை இருக்கு, போய் ஒரு வேலையைப் பாரன்."

"அக்கா, அவ இப்பதானே தொடங்கினவ," என்றான் சஞ்சீவன்.

"தொடங்கிறவை முதல்ல வீட்டு ஆக்களின்ர துணியில அடிச்சுப் பழகவேணும்!"

"அப்ப நான் போட்டிருக்கிறது என்னவாம்?"

குணவதி அவனுடைய நெஞ்சைப் பார்த்தாள். தலையைச் சரித்துப் பார்த்தாள். வாசிக்க முடியவில்லை. அது அவளுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது.

"இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

சஞ்சீவன் மனைவியிடம் திரும்பினான்.

"பிரஸ்ஸில வைச்சுச் சூடு காட்டினாத்தானே மை துணியில பிடிக்கும் எண்டு நீர்தானே எனக்குச் சொன்னனீர்? முன்பக்கத்துக்கு வைச்சனீர்தானே. பின்பக்கத்தை மறந்திட்டீரோ?"

நிலானி நிலத்தைப் பார்த்தாள்.

"ஓம். மறந்துபோனன்."

"கோயில் திருவிழாவுக்குத் தொண்டர்மாரின்ர ரீசேர்ட்டையும் உம்மட்டைத்தான் தர நினைச்சனான்," என்றார் தவராசா. "இனி வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

அந்த ஓடரை நம்பித்தான் நிலானி சுப்பர்மாக்கெட் வேலையைப் பாதியாகக் குறைத்திருந்தாள். கையிலிருந்த ரீசேர்ட்டை மடித்து மேசையில் வைத்தாள்.

"அதுதான் சரி!" என்றாள் குணவதி. "இவவிட்டைக் குடுத்தா முருகனும் முதல் தோய்ப்பில போயிடுவார்."

இருவரும் காருக்குப் போனார்கள். கோபத்தில் தவராசா ரிவர்ஸ் எடுத்த விதத்தைப் பார்த்த சஞ்சீவன், தன் கார் தப்பவேண்டுமே என்று மழைக்குள் ஓடினான்.

தவராசாவின் கார் ரோட்டுக்கு ஏறுமுன் நின்றது. குணவதி இறங்கி, "கைப்பையை விட்டிட்டு வந்திட்டனப்பா" என்று சொல்லிக்கொண்டு கராஜுக்குள் வந்தாள். கைப்பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னில கோவமே, பிள்ளை?"

நிலானி கண்ணைத் துடைத்தாள். "முருகன் வரைக்கும் போயிருக்க வேண்டாம், அக்கா."

"குறைச்சுப் பேசினா அந்த மனுசனுக்குச் சந்தேகம் வந்திடும். நான் ரெலிபோனில கேட்டபடியே பின்பக்கத்துக்குச் சூடு காட்டாம விட்டாய். உன்ர பேரையும் கெடுத்துக்கொண்டு வாய் திறக்காம நிண்டாய். இதை நான் மறக்கமாட்டன். கோயில் ஓடருக்கு அவரோட கதைச்சுப் பாக்கிறன். கேப்பாரோ தெரியேல்லை."

"பேர் போடவேண்டாமெண்டு அண்ணையிட்டையே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமல் இருப்பனே? பேர் இல்லாட்டி ரீசேர்ட்டும் இல்லையாம்."

வெளியே ஹோர்ன் அடித்தது. குணவதி போகத் திரும்பினாள். பிறகு நின்றாள்.

"இந்தியாவில அகதி முகாமில இருக்கேக்கை எனக்கும் ஒரு சட்டை தந்தவை, நிலானி. முதுகில தந்தவரின்ர பேர். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் என்னை அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுங்கள். கல்லில அடிச்சு அடிச்சுத் தோய்ச்சனான். சட்டைதான் கிழிஞ்சுது, பேர் போகேல்லை."