மிச்சம் ஒரு மார்க்

இரண்டாவது குழந்தை பிறந்து பதினான்கு நிமிடம். இன்னும் அழவில்லை.

இருபதாவது நிமிடத்திலும் இதயத் துடிப்பு இல்லையென்றால் முயற்சியை நிறுத்திவிடலாம், அதை அப்பாவிடம் சொல்லிவிட்டு வா என்று டாக்டர் ராஜஸ்ரீ என்னை வெளியே அனுப்பினார்.

காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தவள். இப்போது மாலை ஏழரை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே நடந்தேன். கதவருகே போனதும் வரிசை சரிதானா என்று சந்தேகம் வந்தது.

அப்பா வாசுதேவன், பாணேரில் இருக்கும் தன் ஆபீஸிலிருந்து மதியம் ஓடி வந்தவர். கழுத்தில் தொங்கும் அட்டையை இன்னும் கழற்றவில்லை. நான் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து எதற்கும் என்னைத்தான் தேடுகிறார்.

இரட்டையரில் மூத்தவனின் தாளை முதலில் கொடுத்தேன். பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் குழந்தையின் நிலைக்குப் போடும் மார்க், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை. துடிப்பு இரண்டு, மூச்சு இரண்டு, பாதத்தைச் சுண்டினால் அழுகை இரண்டு, கைகால் அசைவு இரண்டு, நிறம் ஒன்று. பத்துக்கு ஒன்பது.

பிறகு இளையவனைப் பற்றிச் சொன்னேன். எதையும் விடவில்லை.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒரு மார்க் எங்கே போயிற்று என்று கேட்டார்.

எனக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு மார்க்குக்காகச் சண்டை போட்ட அப்பாக்கள் இந்த வருடம் மட்டும் மூன்று பேர். உள்ளங்கையும் பாதமும் சிவக்கக் கொஞ்ச நேரமாகும், அநேகமாக யாருக்கும் பத்து போடுவதில்லை என்று விளக்கினேன்.

தலையாட்டினார். தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"அப்ப அந்த ஒண்ண சின்னவனுக்குப் போட்டுடுங்க, சிஸ்டர்."

சிரிக்கிற மாதிரிதான் சொன்னார்.

உள்ளே வந்தபோது பத்தொன்பதாவது நிமிடம்.

இருபதில் டாக்டர் குழந்தையின் மார்பிலிருந்து கட்டைவிரல்களை எடுத்தார். ஸ்டெதஸ்கோப் என் காதில் இருந்தது. ஆறு நொடி எண்ணிப் பத்தால் பெருக்க வேண்டும். துடிப்பே இல்லையென்றால் பூஜ்யம். எவ்வளவு மெதுவாக இருந்தாலும் ஒன்று.

ஒரே ஒரு முறை கேட்டது போலிருந்தது. என் காதுக்குள் ஓடிய ரத்தமாகவும் இருக்கலாம்.

துடிப்புக்கு எத்தனை மார்க் என்று டாக்டர் மராத்தியில் கேட்டார்.

"ஏக்," என்றேன். ஒன்று.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லும் எண்ணை எப்போதும் தானும் ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பவர்.

இன்று ஸ்டெதஸ்கோப்புக்குக் கை நீட்டவில்லை. கட்டைவிரல்களை மறுபடியும் அந்த மார்பில் வைத்தார்.