பேர் சொல்லக் கூடாத ஆள்

"யாரு போட்டுக் குடுத்தது? மொதல்ல அதைச் சொல்லு!"

பிக்கப் வண்டியிலிருந்து இறங்கும்போதே வெல்டன் கத்தினார். அவருடைய கிணற்று மோட்டாருக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்த டார்லா நிமிரவில்லை. அந்த டெக்சாஸ் வட்டாரத்தின் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு ஆபீஸில் அவள்தான் ஆய்வாளர்.

"வயலைச் சுத்தி நகர வேண்டிய உங்க தெளிப்புக் குழாய் ராத்திரி ஒரே இடத்துல மாட்டிக்கிச்சுண்ணே. தண்ணி வயலைத் தாண்டி ரோட்டோரப் பள்ளத்துல ஓடுது. ஒரு வாரம் மோட்டார் போடக் கூடாது."

"பருத்தி பூக்கிற நேரம்மா! பக்கத்து வயல் ராய்ஸ்தானே சொன்னான்?"

"ராய்ஸ் மீன் பிடிக்கப் போயிருக்காரு. ஊர்லயே இல்ல."

"அப்ப எவன்? முதுகுல குத்துற பய! கையில கிடைச்சான்னா மாட்டுத் தொட்டியில முக்கி எடுத்துடுவேன்!"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாருண்ணே."

"எனக்கு மட்டும் சொல்லு. மூச்சு விடமாட்டேன்."

டார்லா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"விடியறதுக்குள்ள போன் பண்ணாரு. 'ராய்ஸ் வயலோரமா தண்ணி ஆறா ஓடுது, அவன் மோட்டாருக்குச் சீல் வை'ன்னாரு. வந்து பார்த்தா ராய்ஸ் வயல் காஞ்சு கிடக்கு. தண்ணி மேட்டுலேர்ந்து, உங்க வயல்லேர்ந்து இறங்கி வருது. போன் பண்ணது யாருன்னு உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

வெல்டன் பள்ளத்தைப் பார்த்தார். தன் வயலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அந்த ஆளு அப்படியொண்ணும் மோசமானவன் இல்லம்மா… பேரை மட்டும் வெளிய விட்டுடாதே."