துணைக்கு யார்?

தேர்வில் ஒரே ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால் போதும், நர்ஸ் ஹெப்சிபாவுக்கு அயர்லாந்து வேலை நிச்சயம்.

"பேஷண்ட் இறந்துட்டார்னு அவர் மனைவிகிட்ட நேரா சொல்லணும். சுத்தி வளைச்சா ஃபெயில்," என்றார் அந்தத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மேடம்.

மனைவியாக நடிக்க எதிரே உட்கார்ந்திருந்தவள் வகுப்புத் தோழி சுகந்தி. "சீக்கிரம் கொன்னு தொலைடி, பசிக்குது," என்று கண்ணடித்தாள்.

ஹெப்சிபா வாயைத் திறந்தாள். வார்டில் சாவுச் செய்தி சொல்லிப் பழகிய நாக்கு எங்கே கேட்கிறது? சுகந்தியின் கையை மெல்லப் பற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்:

"உங்ககூட வேற யாராவது வந்திருக்காங்களா?"

"போச்சு! இன்னும் விஷயத்தையே சொல்லலையேம்மா நீ!" மேடம் மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவை எடுத்தார்.

சுகந்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர்," என்றாள் தமிழில். "நான் மட்டும்தான் வந்திருக்கேன்."