வெள்ளை சாக்ஸ்

“பேன்ட்டைத் தூக்குங்க!”

சலூன்காரர் முட்டி வரைக்கும் தூக்கினார்.

“அவ்வளவு வேண்டாம். சாக்ஸ் தெரிஞ்சா போதும். அந்த வாட்சைக் கழட்டிப் பைக்குள்ள போடுங்க. மின்னுது.”

இப்படிச் சோதனை போட்டுக்கொண்டிருந்த தபால் ஆபீஸ் அம்மாளுக்குப் போலீஸக்கா என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூட வாத்தியக் குழுப் பிள்ளைகள் வாசித்துக்கொண்டே மைதானத்தில் அணிவகுத்துப் போவார்கள். தூக்க முடியாத பெரிய வாத்தியங்களை வண்டியில் வைத்து உள்ளே கொண்டுபோய் நிறுத்துவது பெற்றோர் வேலை. அவர்களுக்குப் போட்டியில் ஒரே விதிதான். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. பார்க்கிறவர் கண் பிள்ளைகளை விட்டு அங்கே இங்கே போகக் கூடாது. வேறு நிறம் தெரிந்தால் குழுவுக்கு ஒரு மார்க் போச்சு.

“போன வருஷம் கோட்டை விட்டதே இந்தம்மாதான். இப்ப நம்ம உயிரை வாங்குது” என்று முணுமுணுத்தார் சலூன்காரர்.

“ஆமாமா” என்றார் வரிசையில் கடைசியாக நின்ற லிஃப்ட் மெக்கானிக். சொல்லும்போதே குனிந்து தன் சாக்ஸை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

போன வருஷம் அரை மார்க்கில் முதல் பரிசு கை நழுவியது. நடுவர்கள் கொடுத்த தாளில் இருந்தது ஒரே ஒரு வரி: ‘உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் வெள்ளை சாக்ஸ். ஒரு மார்க் கழிவு.’

அந்த வெள்ளை சாக்ஸ் மெக்கானிக்குடையது.

வேலையிலிருந்து நேரே ஓடி வந்த அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டார். அவர் லாரியில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் குழுவில் மேளம் அடிக்கும் அவர் மகள் மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்: “அது யாருன்னு மட்டும் தெரியட்டும், ஜென்மத்துக்கும் அந்த ஆள் மூஞ்சில முழிக்க மாட்டேன்!”

மெக்கானிக் லாரிக்குள்ளேயே உட்கார்ந்து சாக்ஸை உருவினார். பாக்கெட்டில் திணித்துக்கொண்டு அதே லாரியில் வீடு போய்ச் சேர்ந்தார்.

பஸ்ஸில் வந்த மகள் வீங்கிய கண்ணோடு உள்ளே நுழைந்தாள். “தெரிஞ்சுபோச்சுப்பா. போலீஸக்காவாம்!”

பழி எப்படியோ விலாசம் மாறிப் போயிருந்தது. நான்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “ஊரெல்லாம் அதட்டுறவங்களே இப்படியா?” என்று சொல்ல மட்டும் வந்தது.

அன்றிலிருந்து போலீஸக்காவின் மகளைப் பார்த்தால் பிள்ளைகள் தங்கள் சாக்ஸை மேலே இழுத்து விட்டுச் சிரிப்பார்கள். மெக்கானிக்கின் மகளும்தான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போவதை அவர் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, பயந்த மனுஷன்.

“சங்கதி தெரியுமா?” சலூன்காரர் கிசுகிசுத்தார். “போன வருஷ வீடியோ நேத்துதான் வந்துச்சாம். எல்லார் காலும் பளிச்சுன்னு தெரியுதாம். போலீஸக்காகிட்டதான் இருக்கு.”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். பத்தடி தள்ளி மகள் மேளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். இந்தச் சிரிப்பு இன்னும் எத்தனை நிமிஷம் என்று நினைத்துக்கொண்டார்.

“அடுத்து!”

பேன்ட்டைத் தூக்கினார். கறுப்பு சாக்ஸ். அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி. காலையிலிருந்து இருபது தடவை குனிந்து பார்த்தாயிற்று.

போலீஸக்கா சாக்ஸைப் பார்த்துவிட்டு அவரைச் சுற்றிப் பின்னால் போனார். அங்கேயே நின்றார்.

“நீங்க மட்டும் லாரிக்குப் பின்னால வாங்க.”

“எ... எதுக்குங்க?”

“வாங்கன்னா வாங்க. உங்க பொண்ணு பார்க்கிறதுக்கு முன்னால.”

அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தார். லாரி மறைவுக்குப் போனதும் அவரே முந்திக்கொண்டார்.

“அக்கா, மன்னிச்சிருங்க. போன வருஷமே சொல்லியிருக்கணும். தைரியம் வரலை. அந்த வீடியோவைப் பொண்ணுகிட்ட மட்டும் காட்டிராதீங்க...”

“வீடியோ எதுக்கு? அன்னிக்கு வண்டியை முன்னால இழுத்தது நீங்க. பின்னால தள்ளினது நான். பாதி மைதானம் தாண்டினப்புறம்தான் உங்க காலைப் பார்த்தேன். நிறுத்தவும் முடியலை.”

“அப்பவே தெரியுமா? அப்புறம் ஏன்...”

“உங்க பொண்ணு கத்தினாளே, அப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்.”

மைதானத்தில் விசில் ஊதினார்கள். அடுத்து இவர்கள் குழுதான்.

“திரும்புங்க, நேரமாச்சு.”

திரும்பினார். பர்ரென்று டேப் கிழிகிற சத்தம். தோளிலிருந்து தோள் வரை கறுப்பு டேப்பை வைத்து அவர் முதுகில் அழுத்தித் தேய்த்தார் போலீஸக்கா.

அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. கறுப்பாக இருக்கிறதே என்று மாட்டிக்கொண்டு வந்தது வேலைக்குப் போடுகிற சட்டை. வெளிச்சம் பட்டால் பளபளக்க முதுகில் பட்டையாக வெள்ளிக் கோடு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் லிஃப்ட் கம்பெனி பெயர்.

போலீஸக்கா அந்தப் பெயர் மேலேயும் ஒட்டிவிட்டு டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“சாக்ஸ் என்னோடதுன்னு பஸ்ல சொன்னேன், பிள்ளைங்க நம்பிட்டாங்க. இந்தச் சட்டையும் என்னோடதுன்னா யாரு நம்புவா?”