கூரைமேல் ஒரு பாட்டில்

"உள்ளே போனதும் மூஞ்சியை உம்முனு வெச்சுக்கணும். பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சா விலை ஏறிடும்," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, "நீ பள்ளிக்கூடத்தை விட்டாச்சு, சரி. இங்கே வாயை விட்டுடாதே!"

போன வாரம் ஒரு வேனைப் பார்த்து அம்மா கைதட்டிவிட்டாள். விற்க வந்தவன் அந்த நிமிஷமே விலையை ஏற்றிவிட்டான். அதிலிருந்து அப்பா இப்படித்தான்.

வீட்டை விற்றாச்சு. சனிக்கிழமை சாவியைக் கொடுத்தாகணும். அதற்குள் ஒரு வேன் வாங்கி மூணு பேரும் அதிலேயே குடியேறணும். இல்லையென்றால் அத்தை வீட்டுக் கார் ஷெட்தான். அதற்கு நடுரோடே தேவலை.

எங்கள் ஊரான நெகோச்சேயாவின் கடற்கரை ரோட்டில் அந்த மஞ்சள் வேன் நின்றிருந்தது. கூரைமேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். வண்டிமேல் பாட்டில் இருந்தால் விற்பனைக்கு என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

கதவைத் திறந்தவர் பெயர் நில்தா. அறுபது வயசிருக்கும். உதட்டில் பளீரென்று சிவப்புச் சாயம், காலில் ரப்பர் செருப்பு.

"வாங்க வாங்க! மாத்தே குடிச்சுக்கிட்டே பாருங்க," என்று எல்லோரும் மாறி மாறிக் குடிக்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையைச் சுடச்சுட நீட்டினார்.

உள்ளே ஏறியதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. விரித்தால் கட்டில், மடித்தால் மேஜை. எலுமிச்சம்பழப் படம் போட்ட திரை. ஜன்னல் முழுக்கக் கடல். எனக்கென்று மேலே ஒரு தனிப் படுக்கை!

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் அவள் காலை மிதித்தேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா ஆரம்பித்தார். "என்ன திரை இது, ஆஸ்பத்திரி மாதிரி?"

"நானே தைச்சது," என்றார் நில்தா.

"அலமாரி கோணலா இருக்கே."

"நானே அடிச்சது."

"அடுப்பா இது? முட்டை வேகறதுக்குள்ள குஞ்சு பொரிச்சிடும் போலிருக்கு!"

நில்தா அந்த அடுப்பை அணைத்தார்.

அம்மாவும் தன் பங்குக்கு, "கட்டில் குட்டை," என்றாள். கை மட்டும் மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்தது.

அடுத்த சுற்று மாத்தே என்னிடம் வந்தது. ஜில்லென்று ஆறிப்போயிருந்தது. ஆறின மாத்தேயை நீட்டினால் 'கிளம்புங்க' என்று அர்த்தம். அப்பாவுக்கு உறைக்கவேயில்லை.

"சரி மேடம், இந்தத் தகர டப்பாவுக்கு என்ன விலை?"

"விக்கலையே," என்றார் நில்தா. "ஓ, பாட்டிலைப் பார்த்து வந்தீங்களா? அது குளிக்கத் தண்ணி. வெயில்ல சுட வெச்சிருக்கேன். இது என் வீடு."

அப்பா முகத்தைப் பார்க்கணுமே!

வெளியே வந்ததும் குதித்தார். "விக்காத வேனுக்குள்ள எதுக்கு விட்டா? பைத்தியக்காரி!"

"அப்போ கார் ஷெட்தானா, குண்டு?" என்றாள் அம்மா. அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

கடல்காற்று ஒன்று ஓங்கி அடித்தது. கூரையிலிருந்த பாட்டில் உருண்டு என் காலடியில் விழுந்தது. கலகலவென்று சத்தம். எடுத்துப் பார்த்தேன். சொட்டுத் தண்ணி இல்லை. பறக்காமல் இருக்கக் கூழாங்கல் போட்டிருந்தது.

அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு வேனுக்குள் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

"தண்ணின்னு பொய் சொன்னீங்களே!"

"நீங்க சொன்னதெல்லாம் நிஜமா?" என்றார் நில்தா.

அம்மா பாட்டிலைக் கீழே வைத்தாள். அப்புறம் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள். "பொய்! எல்லாமே பொய்! இந்தக் கட்டில்ல இப்பவே விழுந்து புரளணும் போல இருக்கு. சனிக்கிழமைக்கு அப்புறம் எங்களுக்கு வீடே கிடையாது. திட்டினா விலை குறையும்னு இந்த மனுஷன்தான் சொன்னார்!"

நில்தா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பத்து வருஷத்துக்கு மேல இதுலதான் வாழ்ந்தேன். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வீடு இருக்கு, கோழி இருக்கு. வேன்ல ஏறினா மட்டும் வாந்தி வருது. அதனாலதான் விக்கிறேன். உங்களுக்கு வேணும்னா, இவர் திட்டினதையெல்லாம் வாபஸ் வாங்கணும். யாரைத் திட்டினாரோ அவங்ககிட்டயே."

"யார்கிட்ட?" என்றார் அப்பா.

"முதல்ல திரைகிட்ட."

அப்பா திரை முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "மன்னிச்சுக்கோ. நீ... ரொம்ப அழகா இருக்கே."

நானும் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நில்தா ஒரு விலை சொன்னார். எங்களுக்கு எட்டாத விலை.

அப்பா அலமாரியைத் தட்டிக்கொடுத்தார். "நீ நேராத்தான் இருக்கே. என் கண்ணுதான் கோணல்."

நில்தா விலையைக் குறைத்தார்!

அப்பா கண் விரிந்தது. பாய்ந்து போய் அடுப்புக்கு முத்தமே கொடுத்தார். இன்னும் குறைந்தது. கட்டில் முன்னால் மண்டி போட்டார். இன்னும் குறைந்தது. எங்களால் கொடுக்க முடிகிற விலைக்கே வந்துவிட்டது. அம்மா என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, தலையை மேல்படுக்கையில் இடித்துக்கொண்டாள்.

அப்பா ருசி கண்டுவிட்டார். கீழே குதித்து, "ஆஹா! என்ன டயர்! என்ன டயர்!" என்று ஆரம்பித்தார்.

"அதை மட்டும் புகழாதீங்க," என்றார் நில்தா. "நீங்க குறை சொல்லாம விட்டது அது ஒண்ணுதான். நாலுமே தேஞ்சுபோச்சு. அதுக்காகத்தான் இவ்வளவு நேரமா விலையைக் குறைச்சுக்கிட்டிருக்கேன்."