கேட்காமல் எழுதிய பட்டியல்

அது ஏப்ரலா, மே மாதமா என்பது தியாகுவுக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். காஜா பெராங் என்ற ஊரில் அவன் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளிக்கு உத்தரவு வந்திருந்தது: போனவர் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்ப, ஆண் ஆசிரியர்களின் பெயர்களை மூன்று நாளுக்குள் தரவேண்டும்.

பழைய தலைமையாசிரியர் யாரையும் கேட்டு எதுவும் செய்ததில்லை. அவர் இடத்துக்குப் புதிதாக வந்த ருக்மணியோ மணியடிக்கும் நேரத்தை மாற்றக்கூடக் கூட்டம் போடுவார். உத்தரவு வந்த மறுநாள் மட்டும் தனியாக உட்கார்ந்து பட்டியல் எழுதினார்.

“பொம்பளை மீட்டிங்குன்னு சிரிச்சீங்களே தம்பி, இப்ப போடச் சொல்லுங்க பார்ப்போம்,” என்றார் தியாகுவிடம், பள்ளியின் இன்னொரு ஆண் ஆசிரியரான ஜெய்னுலாப்தீன் வாத்தியார்.

தியாகு உள்ளே போனான். “எங்களை ஒரு வார்த்தை கேக்கலியே, டீச்சர்?”

“கேக்க வேண்டியவங்களைக் கேட்டாச்சு. நாளையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் வரவேணாம்.”

வீட்டுக்கு ஓடினான். மனைவி மல்லிகா ஜப்பானிய எழுத்துகளைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டிருந்தாள்.

“என் பேரைக் கொடுத்துட்டாங்க, மல்லிகா!”

“என் பேரைத்தாங்க கொடுத்தாங்க. நேத்தே எங்க பொம்பளைங்களை மட்டும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டுட்டாங்க. பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறது பொம்பளைங்க மட்டும்தான்னு பட்டியல். உங்க மூணாம் வகுப்புக்கு நான், வாத்தியார் வகுப்புக்கு அவர் வீட்டு அஸ்மா அக்கா. நீங்க பத்து பெரெண்டாம் ஊர்ப்பக்கம் போயி மரவள்ளி நடுங்க.”

ஆண்கள் இருவரும் சயாமுக்குப் போகவில்லை. போர் முடிந்தும் மல்லிகா மூன்றாம் வகுப்பை விடவில்லை; தியாகு வேறு பள்ளிக்குப் போனான். அன்று பட்டியலைச் சந்தேகப்பட்ட ஜப்பான் அதிகாரி அறைந்ததில் ருக்மணிக்கு இடது காது கேட்காமல் போனது. பட்டியலை மட்டும் அவர் மாற்றவில்லை.