இரண்டாவது வயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுச் சிவஞானம் உயரமாய் அண்டெனா நட்டதிலிருந்து என் டீவியில் வெறும் புள்ளிதான்.

"நம்ம படத்தை அவன்தான் இழுக்கிறான்" என்றேன்.

"ஒங்களுக்கு யாரைத்தான் நம்ப முடியுது?" என்றாள் பெண்சாதி வேலாயி.

இன்று காலை அவன் கம்பத்தில் புதிதாய் இன்னொரு வயர் தொங்கியது. ஒரு டீவிக்கு இரண்டு வயர் எதற்கு? அவன் வேலைக்குப் போனதும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அதை வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் சிவஞானம் வந்தான்.

"மாமா, ஒங்க டீவிக்கும் மாட்டலாம்னு பதுளையில வயர் வாங்கி எங்க அண்டெனாவுல கட்டி வச்சிருந்தேன். எவனோ வெட்டிட்டான். யாரையும் பாத்தீங்களா?"

"பாக்கலப்பா."

வெட்டிய வயரை ஒட்ட அவன் கூரைக்கு ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாந்து பார்க்க முடியவில்லை.